உட்காரும் இடத்தில் ஒரு குயில்

எனக்கு மூலம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆத்தூர் சாலையில் நான் கணக்கெழுதும் சேகோ ஆலைக்கு, அதாவது ஜவ்வரிசி ஆலைக்கு, வந்துபோகிறவர்களில் பாதிப் பேர் போன ஜூன் மாதத்திலிருந்து அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். காரணம் என் நாற்காலியில் கிடக்கும் குஷன். பின்பக்கம் ஒரு வெட்டு விட்டு, பார்க்க மாட்டு லாடம் மாதிரி இருக்கும். அதைக் கண்டதும் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். துத்திக்கீரை என்றார் ஒருவர், கருணைக்கிழங்கு என்றார் இன்னொருவர். ஸ்டார்ச் வாங்க வந்த ஒரு வியாபாரி, தனக்குத் தெரிந்த வைத்தியரின் எண்ணைக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று நின்றார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் விளக்க வேண்டும். விளக்குவதற்கு என்னிடம் சரியான சொல் இல்லை. ஆறேழு மாதமாக என்னை உறுத்திக்கொண்டிருப்பது, வலியைவிட அந்தச் சொல்தான்.

நடந்தது இவ்வளவுதான். மே மாதம், ஏற்காடு. நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். முதல் நாள் மாலை கோடைமழை ஒரு மணி நேரம் அடித்து ஓய்ந்தது. மறுநாள் காலை சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தோட்டத்துக்குள் இறங்கும் கல்படியில் காலை வைத்தேன். பாசி. அடுத்த நொடி மூன்றாவது படியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதையான வார்த்தை. மேலே நின்ற மச்சான் முதலில் சிரித்தார், என் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து மரத்தில் ஒரு பறவை மூன்று மூன்று அசையாகக் கத்தத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் சுருதி ஏறிக்கொண்டே போய், உச்சியில் கிறீச்சிட்டு, பொசுக்கென்று நின்றுவிடும். மறுபடி கீழிருந்து ஆரம்பிக்கும். எனக்குள்ளே வலியும் ஏறத்தாழ அதே மெட்டில் போய்க்கொண்டிருந்தது. அது அக்காக்குயில் என்று தோட்டத்து மேஸ்திரி சொன்னார். அப்போது அது எனக்குத் தேவைப்படாத தகவல்.

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகள். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை எண்ணியவை. அன்று ஒவ்வொன்றையும் ஒரு தொடையில் சாய்ந்து, அடுத்ததை மறு தொடையில் சாய்ந்து கடந்தேன். அஸ்தம்பட்டி வந்து சேர்வதற்குள் உட்காருவது என்ற காரியத்தைப் பற்றி நாற்பத்தாறு வருடம் யோசிக்காததையெல்லாம் யோசித்து முடித்திருந்தேன்.

அன்று இரவு அத்தை போன் செய்தார். "எங்கடா அடி?" என்றார். அங்கேதான் முதல் சிக்கல். நம் பேச்சில் அந்த இடத்துக்குப் பெயர் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும், எழுபது வயது அத்தையிடம் சொல்ல முடியாது. 'பின்னால' என்றால் முதுகா, காலா என்று அடுத்த கேள்வி வரும். 'உட்கார்ற இடத்துல' என்றால் சிரிப்பு வரும். "இடுப்புல அத்தை" என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் இடுப்புக்கு ஒரு தைலமும், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த தூரத்து உறவினர் ஒருவரின் கதையும் வந்து சேர்ந்தன. பொய்யை நம்பி மூன்று குடும்பம் கவலைப்பட்டது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், முறிவு பெரிதாக இல்லை, கோக்சிக்ஸில் அடி, ஆற வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கும் ஆகும், குஷன் போட்டு முன்பக்கம் சாய்ந்து உட்காருங்கள் என்றார். எனக்குக் காதில் விழுந்தது ஒரே வார்த்தைதான். கோக்சிக்ஸ்! எவ்வளவு சுத்தமான சொல். அத்தையிடம் சொல்லலாம், முதலாளியிடம் சொல்லலாம், லீவுக் கடிதத்தில் எழுதலாம். யாருக்கும் அது எங்கே இருக்கிறதென்று தெரியாது. தெரியாததால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒரு வாரம் அந்தச் சொல்லை வெள்ளை வேட்டி மாதிரி உடுத்திக்கொண்டு திரிந்தேன். அக்கா மகன்தான் கெடுத்தான். பத்தாம் வகுப்பு. "கொக்கா மாமா?" என்றான். சிரித்துவிட்டு, அது லத்தீன்டா என்று அதட்டினேன். லத்தீனா கிரேக்கமா என்று எனக்கே தெரியாது. பார்த்துவிடலாம் என்று அன்று இரவு குப்புறப் படுத்துக்கொண்டு கைப்பேசியைத் திறந்தேன். குப்புறப் படுத்தால்தான் வலிக்காது என்பதால் அந்த மாதம் நிறைய படித்தேன்.

பையன் கிட்டத்தட்டச் சரி. பறவைதான். கொக்கு இல்லை, குயில்.

கிரேக்கத்தில் கொக்கிக்ஸ் என்றால் குயில். அது கூவுகிற சத்தத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள். லத்தீனில் அதே பறவை குக்குலுஸ், வடமொழியில் கோகிலம், நமக்குக் குயில். எல்லா ஊரிலும் அது தன் பெயரைத் தானே சொல்லிக் கொடுத்திருக்கிறது. சரி, எலும்புக்குள் குயில் எப்படி வந்தது? முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் மூன்றிலிருந்து ஐந்து, பெரும்பாலும் நான்கு சின்ன முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே அகன்று கீழே கூராகி, உள்பக்கமாக வளைந்திருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் குயிலின் அலகு. பெயரை வைத்தவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் மனித உடலை அறுத்துப் பார்த்த எரோஃபிலஸ் என்று சொல்வார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்ற கிரேக்க மருத்துவர் எழுதியவற்றில் இந்தச் சொல் இருக்கிறது. ரோமில் மனித உடலை அறுக்க வழியில்லாமல் குரங்குகளை அறுத்துப் பார்த்து எழுதியவர் அவர். அங்கிருந்து லத்தீனுக்குப் போய், ஐரோப்பா முழுக்கச் சுற்றி, சேலத்தில் என் எக்ஸ்ரே ரிப்போர்ட் வரை வந்திருக்கிறது. அதில் வரும் வலிக்குப் பெயர் வைத்தவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் சிம்ப்சன், 1859இல். பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுத்தாரே, அவரேதான். குயிலோடு ஒடினே என்ற கிரேக்கச் சொல்லைச் சேர்த்தார். ஒடினே என்றால் வலி. ஆக, எனக்கு வந்திருப்பது குயில்வலி.

இதைவிட நன்றாக ஒரு விளக்கம் இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பாரீசில் இருந்த ழான் ரியோலான் என்ற உடற்கூறு அறிஞர், அலகெல்லாம் இல்லை, காற்றுப் பிரியும்போது இந்த எலும்பில் மோதி எழுகிற சத்தம் குயில் கூவுவது போல இருப்பதால்தான் இந்தப் பெயர் என்றாராம். பெரிய அறிஞர், பெரிய பதவியில் இருந்தவர். ஒரு வாரமாக நான் உடுத்தித் திரிந்த வெள்ளை வேட்டி அந்த இடத்தில் அவிழ்ந்தது.

வினிகர்க் கிண்ணமும் சுண்டெலியும்

அதற்கப்புறம் விடவில்லை. டாக்டர் வாயிலிருந்து வரும்போது கை கட்டிக்கொண்டு கேட்கிற சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாக உரித்தேன். பெல்விஸ் என்றால் லத்தீனில் அண்டா, தொட்டி. தொடையெலும்பின் தலை பொருந்துகிற குழிக்கு அசெட்டாபுலம் என்று பெயர். ரோமானியர் சாப்பாட்டுப் பலகையில் வினிகர் வைக்கும் கிண்ணம் அது. அதுவே ஓர் அளவையும்கூட, எமினா என்ற படியில் கால் பங்கு, நம் ஆழாக்கில் பாதிக்கும் குறைவாக வரும். முழங்காலுக்குக் கீழே இருக்கும் டிபியா புல்லாங்குழல். முழங்கால் சில்லு பட்டெல்லா, சின்னத் தட்டு. தசையை அவர்கள் மஸ்குலுஸ் என்றார்கள், அதாவது சுண்டெலி. கையை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுகிற மாதிரி இருக்கிறதல்லவா, அதுதான். அடுப்படி, சந்தை, கொட்டகை இவற்றைத் தாண்டி அவர்கள் எங்கேயும் போய்ச் சொல் தேடவில்லை.

ஒரே உறுப்புக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் சுமார் 50,000 பெயர்கள் சேர்ந்துவிட்டன. 1895இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உடற்கூறு அறிஞர்கள் கூடி ஐந்தாயிரத்துச் சொச்சமாகக் குறைத்தார்கள். வருட முடிவில் பேரேடு பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு அவர்கள் மீது தனி மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கணக்கு முடிப்பிலும் குயில் தப்பிவிட்டது, வினிகர்க் கிண்ணம் தப்பிவிட்டது. யாருக்கும் அவை குயிலாகவும் கிண்ணமாகவும் காதில் விழாமல் போயிருந்ததால் தப்பியிருக்கும் என்பது என் யூகம். எனக்கு நடந்ததும் அதுதானே. பொருள் தெரியாதவரை அது கௌரவமான சொல்.

குயிலலகு

தமிழில் என்ன சொல்வார்கள் என்று தேடினேன். வால் எலும்பு என்பது ஒன்று. பேசுகிற மக்கள் சொல்வது. சொன்னால் உடனே புரியும், உடனே சிரிப்பும் வரும். "சாருக்கு வால்ல அடியாம்" என்று யாராவது சொல்வதை நினைத்துப் பாருங்கள். நான்கு வாரக் கருவில் மனிதனுக்கு நிஜமாகவே வால் இருந்து, எட்டு வாரத்துக்குள் மறைகிறது, மிச்சம்தான் இது என்று நான் லோடுமேன்களிடம் கருவியல் பாடம் எடுக்க முடியாது. இன்னொன்று, கலைச்சொல்லாக எழுதுகிறவர்கள் பயன்படுத்துவது: குயிலலகு எலும்பு. அதற்கு மேலே இருக்கும் சேக்ரம் திருவெலும்பு. கிரேக்கர் அதைப் புனித எலும்பு என்றார்கள், லத்தீன்காரர்கள் அப்படியே சேக்ரம் என்று ஆக்கினார்கள், நாம் 'திரு' சேர்த்துக்கொண்டோம்.

முதலில் படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. குயிலலகு. சொல்லிப் பாருங்கள், நன்றாக இருக்கிறது. இரண்டு நாள் கழித்து ஏதோ இடித்தது. அழகான சொல், பிழையும் இல்லை, ஆனால் அந்த எலும்பைப் பார்த்து யாரும் அதைச் சொல்லவில்லை. அகராதியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். எரோஃபிலஸோ வேறு யாரோ, எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரில் பார்த்த பறவையை நினைத்திருக்கிறார். அந்தப் பறவையும் நம் பறவை அல்ல. அவர்கள் குயில் சாம்பல் நிறம், வயிற்றில் வரி, குக்-கூ என்று இரண்டே அசை. நம் குயில் ஆண் கறுப்பு, பெண் புள்ளி, கண் சிவப்பு, காக்காய்க் கூட்டில் முட்டையிடும். ஒரே குடும்பம்தான், பங்காளிகள். ஆனால் பெயர் வைத்தவரின் கண்ணை நாம் கடன் வாங்கியிருக்கிறோம்.

படியில் விழுந்த அன்று கேட்ட அக்காக்குயிலையும் அப்போது தேடிப் படித்தேன். அதற்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் மூளைக்காய்ச்சல் பறவை. அந்த மூன்று அசை அவர்கள் காதில் 'பிரெயின் ஃபீவர்' என்று விழுந்திருக்கிறது. இந்தி பேசுகிறவர்களுக்கு அது 'பீ கஹான்', காதலன் எங்கே. நமக்கு அக்கா. 1820 வாக்கில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். அந்தக் காலத்துத் துரை எவனாவது எஸ்டேட் பங்களாவில் நிஜக் காய்ச்சலோடு படுத்துக்கொண்டு இதைக் கேட்டிருந்தால் என்ன பாடு பட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் நோயைப் பறவையில் கேட்டார்கள், கிரேக்கர்கள் பறவையை எலும்பில் பார்த்தார்கள். கேட்டவனின் காதும் பார்த்தவனின் கண்ணும் பெயரில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. மொழிபெயர்த்தால் அந்தக் கண் வருவதில்லை.

நமக்கு அந்தக் கண் இல்லாமலா போயிற்று? கண்ணுக்குள் இருக்கும் கருவட்டத்தை லத்தீனில் புபில்லா என்கிறார்கள், சின்னப் பொம்மை, சின்னப் பெண். கிரேக்கத்திலும் அப்படியே, கோரே என்றால் பெண்பிள்ளை. எதிரில் இருப்பவரின் கண்ணை உற்றுப் பார்த்தால் அதில் குட்டியாக நம் உருவம் தெரிகிறதே, அதனால். நாம் அதை யாரிடமும் கடன் வாங்காமல் பாவை என்று வைத்திருக்கிறோம். 1123ஆம் குறளில் காதலன், என் கருமணியில் இருக்கும் பாவையே, நீ போய்விடு, நான் விரும்புகிறவளுக்கு அங்கே இடம் போதவில்லை என்கிறான். குறளுக்கெல்லாம் போக வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போங்கள். பாடப் புத்தகத்தில் மண்ணீரல், கடையில் சுவரொட்டி. எடுத்துச் சுவரில் வீசினால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வந்த பெயர் என்று எங்கள் கடைக்காரர் சொல்வார். வீசிப் பார்த்த எவனோ ஒருவன்தான் எங்கள் ஊர் எரோஃபிலஸ். சேலத்தில் யாரும் இரத்தச்சோகைக்கு அரைக்கிலோ மண்ணீரல் கேட்டு நான் பார்த்ததில்லை.

கிழங்கு

செப்டம்பர் மாதம். கிழங்கு வரத்து தொடங்கிவிட்டது. எங்கள் பக்கம் மரவள்ளி என்று எழுதுவோம், குச்சிக்கிழங்கு என்று பேசுவோம். காலையிலிருந்து லாரியும் டிராக்டரும் வரிசையில் நிற்கும். பாயிண்ட், அதாவது கிழங்கில் இருக்கும் மாவுச்சத்தின் அளவு, பார்த்து விலை போடுவதில் ஒரு விவசாயிக்கும் எங்கள் ஆளுக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. நான் பழைய சீட்டு ஒன்றைத் தேடி மேசை இழுப்பறையைக் கவிழ்த்திருந்தேன். அதில் மே மாதத்து எக்ஸ்ரே பிலிமும் வெளியே வந்து மேசையில் கிடந்தது. கூலிச் சீட்டுக்குக் கையெழுத்து வாங்க வந்த பெரியவர் ஒருவர், முப்பது வருடமாகக் கிழங்கு இறக்குகிறவர், அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நான் பதறிப்போனேன். நம் உடம்பின் அந்தப் பகுதியை இன்னொருவர் ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது, எலும்புதான் என்றாலும், கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். முதுகுத்தண்டையோ இடுப்பையோ பார்க்கவில்லை. நேராகக் கீழ் நுனிக்குப் போய் விரலை வைத்தார்.

"ஏனுங்க சார், இது கிழங்கு வாலாட்டமே இருக்குதுங்களே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வெளியே போய், குவியலிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துக்கொண்டு வந்தார். நுனி மெலிந்து, கணுக் கணுவாக இறுகி, ஒரு பக்கமாக வளைந்திருந்தது. பிலிமுக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தார். குயிலின் அலகைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இது கண் முன்னால், மண்ணோடு இருந்தது. என் எலும்பேதான். அந்தக் கணுக்கள், அந்தச் சரிவு, கடைசியில் உள்ளே மடங்குகிற அந்தத் திருப்பம் எல்லாம் அப்படியே இருந்தன.

"கீழ கல்லு இருந்தா கிழங்கு இப்படித்தானுங்க மடங்கும்," என்றார். அப்புறம் பிலிமைப் பார்த்தபடியே, "இது எந்தக் கல்லுல முட்டுச்சுங்க?" என்று கேட்டார்.

"ஏற்காட்டுல. தோட்டத்துப் படிக்கல்லு," என்றேன். வழுக்கியது, விழுந்தது, எங்கே பட்டது, உட்கார்ந்தால் எங்கே குத்துகிறது, எழும்போது எப்படி இழுக்கிறது எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு மாதத்தில் இடுப்பு என்றும் கோக்சிக்ஸ் என்றும் மாற்றி மாற்றிச் சொல்லி மறைத்ததை ஒருவரிடம் முழுதாகச் சொல்வது அதுதான் முதல் தடவை. அவர் சிரிக்கவில்லை. கிழங்குக்கு யார் சிரிப்பார்கள்? "அப்போ மூலமில்லைங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கிழங்கை மேசையிலேயே விட்டுவிட்டார். மாலை வரை அது கணக்குப் பேரேட்டின் மேல் மண்ணை உதிர்த்துக்கொண்டு கிடந்தது, எடுக்க மனம் வரவில்லை.

குயிலலகு என்று எழுதியவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. மருத்துவம் தமிழில் படிக்க வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து இரண்டாயிரம் சொல்லுக்கு இரண்டாயிரம் சொல் போட வேண்டும். அவருக்குப் பக்கத்தில் கிழங்கு லாரி நின்றிருக்காது. கிழங்கு வால் என்பதைப் பாடப் புத்தகத்தில் போட முடியுமா என்றால், கூடாது என்றே நினைக்கிறேன். மரவள்ளியைப் பார்த்திராத ஊர்க்காரனுக்கு அது இன்னொரு கோக்சிக்ஸ்தான். இந்த இடத்தில் என் கருத்து நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் குத்துகிறது, குஷன் போட்டும் சரியாகவில்லை. ஆனால் ஒன்று, பெரியவர் பிலிமைத் தூக்கிப் பிடித்த அந்த அரை நிமிடத்தில் ஒரு பெயர் எப்படிப் பிறக்கிறதென்று நான் பார்த்தேன். அலெக்சாந்திரியாவிலும் அப்படி ஒரு ஜன்னல் இருந்திருக்கும்.

அத்தையிடம் அந்த வாரமே போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன். "இதைச் சொல்ல நாலு மாசமா? நான் உங்க மாமா கல்யாணத்துலயே திண்ணைல விழுந்து அங்கதான் அடிபட்டேன், ஆறு மாசம் ஒருக்களிச்சுத்தான் உட்காருவேன்," என்றார். என்ன பெயர் சொன்னீர்கள் அப்போது என்று கேட்டேன். "பேரு என்ன பேரு, அடிபட்டுச்சுன்னு சொன்னேன்," என்றார். தைலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமாம், முழங்காலுக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

இப்போது டிசம்பர். வலி முக்கால்வாசி போய்விட்டது, குஷன் இன்னும் இருக்கிறது. நேற்று நாமகிரிப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு லோடு வந்தது. டிரைவர் எனக்கு முன்பின் தெரியாதவர், எங்கள் ஆலைக்கே முதல் தடவை வருகிறார். ரசீது வாங்கக் குனிந்தவர் என் நாற்காலியைப் பார்த்தார். துத்திக்கீரை வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"உங்களுக்குத்தானுங்களா சார், கிழங்கு வால்ல அடி?" என்றார்.